மாப்ளை வாங்குற அறுபது டாலர் தோட்டா

கேள்வி: சார், என் மாப்ளை டெக்சாஸ்ல இருக்காரு. க்ரீன் கார்டு வந்ததுல இருந்து ஆபீஸ் ஆளுங்களோட சேர்ந்து மான் வேட்டைக்குப் போறாரு, லைசென்ஸ் இருந்தா அங்க தப்பில்லையாம். இருபது தோட்டா இருக்குற பாக்ஸ அறுபது டாலர் குடுத்து வாங்குறாரு, கூட வர்றவங்க முப்பது டாலர் பாக்ஸ்லயே அடிக்கிறாங்கன்னு என் பொண்ணு போன்ல ஒரே புலம்பல். துப்பாக்கிய பத்தி நான் இன்னாத்த கண்டேன், நீங்க அங்க இருந்துட்டு வந்தவரு, சொல்லுங்க, மானுக்கு அந்த காஸ்ட்லி குண்டு வேணுமா வேணாமா?
— ஒரு மாமனார், குடியாத்தம்

பதில்: மானுக்கு வேணாம் ஐயா. ஆனா நான் சொன்னேன்னு மாப்ளைகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் உங்க வீட்டு பஞ்சாயத்துல என்னை இழுத்து விடுவீங்க.

சாதா குண்டுன்னா நடுவுல ஈயம், மேல செம்பு சட்டை, அவ்ளோதான். மான் மேல பட்டதும் முனை நசுங்கி காளான் மாதிரி விரியும். அமெரிக்கால 1939ல வந்த ரெமிங்டன் கோர்-லாக்ட் இந்த ஜாதிதான், இன்னிக்கு வரைக்கும் கடையில கிடைக்குது, அதுல விழுந்த மானுக்கு கணக்கே இல்ல. காஸ்ட்லி குண்டுல என்ன ஸ்பெஷல்னா ஈயத்தையும் செம்பையும் பிரியாத மாதிரி ஒட்ட வெச்சிருப்பான், இல்ல நடுவுல ஒரு தடுப்பு வெச்சிருப்பான், இல்லன்னா முழுசாவே செம்புல செஞ்சிருப்பான். எலும்புல பட்டாலும் உடையாம உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

இந்த தடுப்பு வெச்ச குண்டு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாலே உங்க கேள்விக்கு பாதி பதில் வந்துடும். ஜான் நோஸ்லர்னு ஒருத்தரு 1946ல கனடால மூஸ் அடிக்கப் போனாரு, மூஸ்னா ஐநூறு கிலோவுக்கு மேலயும் வர்ற ராட்சச மான், அதுவும் உடம்பு பூரா சேறு காஞ்சு அப்பிக்கிட்டு நின்னுச்சு, இவர் சுட்ட குண்டு மேலோட்டமாவே சிதறிடுச்சு, உள்ளயே போகல. அந்த கடுப்புல வீட்டுக்கு வந்து உக்காந்து செஞ்சதுதான் பார்ட்டிஷன் குண்டு, 1948ல விக்க ஆரம்பிச்சாரு. அதாவது பிரச்சனை மூஸுக்கு வந்தது. உங்க மாப்ளை அடிக்கிறது வெள்ளை வால் மான், டெக்சாஸ் மலைப்பக்கத்துல அது இன்னும் குட்டை, நம்ம ஊர் நல்ல கிடாவ விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். சோளம் கொட்டி வெச்ச இடத்துக்கு அதுவா வந்து நூறு கஜத்துல நிக்கும். அதுக்கு எதுக்கு மூஸ் குண்டு?

நான் பக்கத்துல நின்னு பாத்தத சொல்றேன். டெக்சாஸ்ல லானோங்கிற ஊர் பக்கம் ஒரு ஃப்ரெண்டோட கொட்டகையில மானை தலைகீழா தொங்கவிட்டு தோல் உரிச்சிட்டு இருந்தோம். குண்டு போன பக்கத்துக்கு அந்தப்பக்கம், தோலுக்கு அடியில கொண்டைக்கடலை சைஸ்ல ஒரு முடிச்சு தட்டுப்பட்டுச்சு, கத்தி முனையால கீறினா குண்டு வந்து விழுது, முன்பக்கம் பூவா விரிஞ்சு, செம்பு இதழ் இதழா மடங்கி, நடுவுல ஈயம் கருப்பா. ஃப்ரெண்டு தராசுல வெச்சான், 150 கிரெய்ன்ல (கிரெய்ன்னா குண்டோட எடை அளவு, 150ன்னா பத்து கிராமுக்கு கொஞ்சம் கம்மி) நூத்திச் சொச்சம்தான் மிச்சம். கூட இருந்தவன் பாத்தியா வெளிய வரல, ஃபெயிலுன்னான். நம்ம ஃப்ரெண்டு சிரிச்சிட்டு மான் நாப்பது கஜம்கூட ஓடலியே, எந்த எடத்துல ஃபெயில் ஆச்சுன்னு கேட்டான். முப்பது டாலர் பாக்ஸ் அது.

ஃபெயிலுன்னவன் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். குண்டு மறுபக்கம் வெளிய வந்தா ரத்தம் நல்லா சிந்தும், முள்ளுக் காட்டுல தடம் பிடிச்சு போறது ஈஸி. காஸ்ட்லி குண்டு பெரும்பாலும் வெளிய வந்துடும்.

ஆனா தடம் பிடிக்க வேண்டிய நிலைமையே ஏன் வருது? என் கதையே கேளுங்க. நான் முதல் தடவை போனப்போ கடைக்காரன் பேச்சைக் கேட்டு இருக்குறதுலயே விலை அதிகமானத வாங்குனேன், ஒரு தோட்டா மூணு டாலர், அதனால ரேஞ்சுல சுட்டுப் பழக மனசே வரல, மொத்தமா நாலு ரவுண்டு சுட்டிருப்பேன். சாயங்காலம் மான் வந்துச்சு, எனக்கு கை நடுக்கம், ட்ரிக்கரை மெதுவா அழுத்தாம வெடுக்குன்னு இழுத்துட்டேன். முன்னங்காலுக்குப் பின்னாடி நுரையீரல்ல படவேண்டியது வயித்துல பட்டுடுச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டார்ச் அடிச்சு தேடினோம், கிடைக்கல. காலையில கிடைச்சப்போ கறி வீண். அந்த மான் எவ்ளோ அவஸ்தைப்பட்டிருக்கும்னு நெனச்சா இப்பவும் சோறு எறங்காது. மூணு டாலர் குண்டு தப்பான எடத்துல பட்டா அது மூணு டாலர் தப்பு, அவ்ளோதான். அந்தக் காசுக்கு சாதா தோட்டா ரெண்டு மடங்கு வாங்கி நல்லா சுட்டுப் பழகியிருந்தா அன்னிக்கு டின்னர் டைமுக்கு வீட்டுக்கு வந்திருப்பேன்.

மாப்ளை த்ரீ நாட் எயிட் ரைஃபிள்ல 150 கிரெய்ன் போடுறாருன்னா சாதாவே தாராளம். டூ ஃபார்ட்டி த்ரீ ரைஃபிள் மாதிரி சின்ன, வேகமான குண்டுன்னா கொஞ்சம் கெட்டியானத பாக்கலாம், பெரிய மேக்னம், அதாவது மருந்து அதிகமா போட்ட வேகமான தோட்டா, வெச்சுக்கிட்டு அம்பது கஜத்துல சுடுறவருக்கும் அப்படித்தான், ஏன்னா அந்த வேகத்துல சாதா குண்டு சிதறி தோள் கறி பூரா ரத்தக்கட்டி ஆயிடும். எல்க்னு ஒரு பெரிய மான் ஜாதி, அதை அடிக்கப் போனா கட்டாயம் நல்லதா வாங்கட்டும். அதே மாதிரி எதை வேட்டைக்குப் போடுறாரோ அதை வெச்சு ஸ்கோப்ப, அதான் குறி பாக்குற கண்ணாடிய, மறுபடி செட் பண்ணணும், வேற குண்டு வேற எடத்துல போய் படும், நிறைய பேரு இதுல கோட்டை விடுறாங்க.

இவ்ளோ சொல்லிட்டு இப்ப மாப்ளை பக்கமும் ஒண்ணு சொல்லிடுறேன். அந்த கறிய வீட்ல சமைக்கிறாங்களா? உங்க பேரப்புள்ளைங்க சாப்பிடுதா? ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்கே தெரியாத தூளா கறிக்குள்ள பரவுது, காயத்துல இருந்து நீங்க நெனக்கிறத விட தூரமா. 2008ல நார்த் டகோட்டால ஏழைங்களுக்கு தானமா குடுத்த மான் கொத்துக்கறிய எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஈயத் துணுக்கு இருந்துச்சு, உடனே அதை குடுக்காதீங்கன்னு கவர்மெண்ட்டே சொல்லிடுச்சு. ஈயம் சின்னப் புள்ளைங்க மூளைக்கு ஆகவே ஆகாது. கலிஃபோர்னியால காண்டார்ங்கிற பிணந்தின்னிக் கழுகு செத்துப் போகுதுன்னு 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயமே கூடாதுன்னுட்டாங்க. அதனால வீட்ல குழந்தை சாப்பிடுதுன்னா முழுச் செம்பு குண்டு வாங்குறதுல நான் குறை சொல்ல மாட்டேன், வருஷத்துக்கு ரெண்டு மான் அடிக்கிறவருக்கு அது என்ன பெரிய செலவு, போய் வர்ற பெட்ரோல்ல கால்வாசி வராது. பழகுறதுக்கு மட்டும் சாதா. பொண்ணுகிட்ட பாக்ஸ் மேல ஈயம் இல்லாததுன்னு போட்டிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, போட்டிருந்தா புலம்பலை நிறுத்தச் சொல்லுங்க.

கேள்வி: தோட்டா, குண்டு ரெண்டும் ஒண்ணா? கிரெய்ன் கிரெய்ன்னு சொல்றாங்களே, அது என்ன அளவு?
— வாசகர், வாணியம்பாடி

பதில்: தோட்டான்னா மொத்தமா, பித்தளைக் கூடு, உள்ள மருந்து, முனையில குண்டு. பறந்து போறது குண்டு மட்டும்தான். கிரெய்ன் மருந்தோட எடைன்னு சில பேரு நெனச்சுக்கிறாங்க, வேட்டைக்காரன் 150ன்னா அது குண்டோட எடை. உங்க ஊர் பத்தர் கணக்குல சொல்லணும்னா ஒரு குந்துமணிக்கு சுமார் ரெண்டு கிரெய்ன். 150 கிரெய்ன் 9.7 கிராம், ஒரு சவரனுக்கு மேல கால் சவரனுக்கு கொஞ்சம் கம்மி. கைல வெச்சுப் பாத்தா இத்தனூண்டுதான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை, கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுத ஃபேக்டரியில வெள்ளைக்காரன் விரியுற குண்டு செஞ்சான், 1899 ஹேக் மாநாட்டுல போர்ல அது கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. மான் வேட்டையில அப்படியே தலைகீழ், விரியாத குண்டாலதான் அடிக்கக் கூடாதுன்னு அமெரிக்கால நிறைய மாநிலத்துல சட்டம்.

கேள்வி: அண்ணா, நாட்டுத் துப்பாக்கிக்கு பால்ரஸ் (இரும்பு உருண்டை) நல்லதா, ஈயம் நல்லதா? நம்ம ஜவ்வாது மலைப் பக்கம்தான், சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.
— பேர் வேண்டாம், ஒடுகத்தூர்

பதில்: தம்பி, பேர் வேண்டாம்னு நீ எழுதும்போதே புரிஞ்சுடுச்சு. 1972 வனவிலங்கு சட்டத்துல இங்க மான் வேட்டைக்கு எடமே இல்ல, சும்மா தெரிஞ்சுக்கிற கேஸும் கேஸ்தான். பக்கத்துல அமிர்தி மிருகக்காட்சி சாலைல டிக்கெட் வாங்கிட்டு உள்ள போ, புள்ளிமான் கம்பி வேலிக்கிட்டயே வந்து நிக்கும்.