பிரஷ் இல்லாமல் சிறைக்குள் ஓவியம் வரைந்த பர்மியக் கலைஞர் யார்?

நீங்கள் கேட்பது தெய்ன் லின் பற்றி. ஓவியம், நிகழ்த்துகலை, சிற்பம், நகைச்சுவை நடிப்பு என்று பலதிலும் கைவைத்தவர். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்; ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 மாணவர் எழுச்சியில் இறங்கினார்.

1998-ல் கைதாகி 2004 வரை சிறை. அங்கே பிரஷ் கிடையாது, கேன்வாஸ் கிடையாது. கைதிகளின் வெள்ளைச் சீருடையையே கேன்வாஸாக விரித்துக்கொண்டார். சிகரெட் லைட்டரின் சக்கரம், ஊசி போடும் சிரிஞ்ச், விரல் நுனி, இவைதான் தூரிகை. பெயிண்ட் திருட்டுத்தனமாக உள்ளே வந்தது, படங்கள் அதே வழியில் வெளியே போயின. கூண்டுக்குள் முடங்கிய மனிதனைச் சோப்புக் கட்டியிலும் செதுக்கினார். கையில் கிடைத்ததை வைத்துச் செய்ததுதானே என்று தள்ளிவிட முடியாது. லைட்டர் இழுத்த அந்தக் கரடுமுரடான கோட்டை எந்தப் பிரஷும் தராது.

எனக்குப் பிடித்தது 2013-ல் தொடங்கிய கை அச்சுப் படைப்புத் தொடர். முன்னாள் அரசியல் கைதிகளைத் தேடிப்போய், அவர்கள் கையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்தார். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுவோமே, அதே பொருள். அச்சு இறுகும்வரை அவர்கள் சிறைக்கதை சொல்வார்கள்.

2022-ல் இவரையும் மனைவி விக்கி போமனையும் (முன்னாள் பிரிட்டிஷ் தூதர்) ராணுவ அரசு கைது செய்தது. சில மாதங்களில் பொதுமன்னிப்பில் விட்டார்கள்.