மியூசிக் தியரியில் பிஎச்டி என்றால் அப்படி என்னதான் செய்வார்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் இந்தப் படிப்பு, ஒரு இசை காதில் ஏன் அப்படி விழுகிறது என்று ஆராய்வது. பியானோவில் ஜி, பி, டி, எஃப் என்ற நான்கு சுரங்களையும் சேர்த்து அழுத்துங்கள், பேச்சு பாதியில் நின்ற மாதிரி இருக்கும். பி அரைப்படி, அதாவது ஒட்டியிருக்கும் அடுத்த கட்டை அளவு, ஏறி சி-க்கும், எஃப் அரைப்படி இறங்கி ஈ-க்கும் போனால்தான் மனசு அடங்கும். பி-யும் எஃப்-உம் ஒன்றோடொன்று உரசுகின்றன, மேற்கத்திய இசைக்குப் பழகிய காது அந்த நகர்வுக்காகக் காத்திருக்கிறது. 'வாழைப்பழம்' என்று எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறோம், நடுவில் 'ப்' ஏன் வந்தது என்று சொல்ல இலக்கணம் வேண்டுமே, அதே மாதிரி.

அப்புறம் இந்த ஆய்வு மாணவர்கள் பலர் இளங்கலை வகுப்பும் எடுப்பார்கள்: ஒரு மெட்டை வாசித்து, கேட்டே எழுத வைப்பது, இசைக்குறிப்பு எழுதிய தாளைப் பார்த்த உடனே பாட வைப்பது. எனக்கு இதுதான் அழகான பகுதி.

விதி முதலில், இசை பிறகு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இசைதான் முதலில் வந்தது.