வாடி ரம் கல்பாலத்துக்குப் போகிறவர்கள் கேட்டவை

அகபாவில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் எட்டு வருடம் வேலை செய்தேன், இப்போது ஹட்டனில் இருக்கிறேன். ஜோர்தானின் வாடி ரம் பாலைவனத்துக்கு லீவு நாட்களில் பலமுறை போயிருக்கிறேன். அங்கே பாறையே பாலம்போல இயற்கையாக வளைந்து நிற்கும், அதைத்தான் கல்பாலம் என்கிறோம். அவற்றைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, அம்மாவைக் கூட்டிப் போகிறேன். வயது 58, முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். எந்தப் பாலத்தில் ஏறலாம்? (நானுஓயா)

உம் ஃப்ருத். உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். ஜீப் பாறையடி வரை போகும், அதனால் நடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஏற்றம் பத்து நிமிடம்தான். ஆனால் படியும் கிடையாது, பிடிக்கக் கம்பியும் கிடையாது, சில இடங்களில் கையை ஊன்றித்தான் போக வேண்டும். கொழுந்து எடுத்த காலுக்கு ஏற்றம் பிரச்சினையே இல்லை தங்கச்சி, இறக்கம்தான் பயம். முதல் தடவை நான் மேலே நின்று போட்டோ எல்லாம் எடுத்துவிட்டு இறங்கத் திரும்பினால், கால் வைக்க இடமே தெரியவில்லை. எங்கள் டிரைவர், பெதுயின் என்கிற பாலைவனத்து அரபு இனத்தவர், எனக்குக் கீழே பாதிவரை ஏறி வந்து, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பு என்று சைகை காட்டினார். அப்புறம் என் வலது காலை உள்ளங்கையில் வாங்கி ஒரு குழியில் வைத்தார். குழி என்றால் சோற்றுக் கரண்டி அளவு. அப்படி நாலு குழி. அம்மா ஏறினால் நீங்கள் அவருக்குக் கீழேதான் இருக்க வேண்டும், மேலே நின்று போன் பிடிக்காதீர்கள்.

முழங்கால் நோவு இருந்தால் 'சின்னப் பாலம்' போதும், அது 4 மீட்டர்தான். புர்தா பாலம் வேண்டவே வேண்டாம், 35 மீட்டர் உயரம், வழிகாட்டியும் கயிறும் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

எந்த மாதம் நல்லது? (பண்டாரவளை)

மார்ச், ஏப்ரல், இல்லாவிட்டால் அக்டோபர், நவம்பர். கோடையில் வெயில் 40 பாகையைத் தொடும். டிசம்பர், ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும், நுவரெலியா பார்க்காத குளிரா என்று சுவெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள்.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்? (கண்டி)

தூதரகத்தில் கேளுங்கள்.

பெயரிலேயே ரம் இருக்கிறதே, கிடைக்குமா? (தலவாக்கலை)

தேத்தண்ணி கிடைக்கும் தம்பி. மரமிய்யா இலை போட்டு, சீனியை அள்ளிக் கொட்டி, விறகு நெருப்பில் கொதிக்க வைத்துத் தருவார்கள்.

வருடா வருடம் சிவனொளிபாதமலை ஏறுகிறவன் நான். ஒரு போத்தல் தண்ணீர் போதாதா? (மஸ்கெலியா)

போதாது. சிவனொளிபாதமலையில் சீசனில் வழியெல்லாம் கடை இருக்கும், இங்கே மணல்தான் இருக்கும். நம்மூரில் வியர்த்தால் சட்டை நனையும், தெரியும். அங்கே வியர்வை காற்றிலேயே காய்ந்துவிடும், தலை சுற்றும்போதுதான் உறைக்கும். ஒரு நாளைக்கு ஆளுக்கு 3, 4 லீட்டர் கொண்டு போங்கள்.

பாலம் என்றால் கீழே ஆறு ஓட வேண்டுமே? இது எப்படிப் பாலம்? (பதுளை)

அப்படிக் கேளுங்கள்! கறாராகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, ஓடும் நீர் குடைந்ததைத்தான் இயற்கைப் பாலம் என்பார்கள். உம் ஃப்ருத் காற்றும் ஈரமும் அரித்த வளைவு, பாலம் என்று பெயர் நின்றுவிட்டது. மணற்கல்லில் பாரம் அழுத்தும் இடத்தில் மணிகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும், பாரம் விழாத இடத்து மணல் உதிர்ந்துகொண்டே போகும், கடைசியில் பாரம் தாங்குகிற வடிவம் மட்டும் மிஞ்சும். 2014இல் செக் ஆய்வாளர்கள் மணற்கல் கட்டிகளின் மேல் பாரம் ஏற்றி, தண்ணீரில் அரிக்கவிட்டு இதைக் காட்டினார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து ஒன்பது வளைவு ரயில் பாலமும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. கல்லை நசுக்குவது கஷ்டம், இழுத்தால் உடைந்துவிடும். வளைவாகக் கட்டினால் ஒவ்வொரு கல்லும் அடுத்ததை அழுத்தும், அதனால் அதற்கு இரும்பே தேவைப்படவில்லை.

அது வேறு, இது வேறு அக்கா. அது மனிதன் கணக்குப் போட்டு 1921இல் திறந்தது. (தெமோதரை)

வேறுதான். ஒன்று கல்லை அடுக்கி வந்த வளைவு, மற்றது கல்லை உதிர்த்து வந்த வளைவு. பாரம் இறங்கும் வழி ஒன்று என்றுதான் சொன்னேன்.

அதில் ரயிலே போகிறது, இதில் நாலு பேர் குதித்து வீடியோ எடுத்தால் என்ன? (எல்ல)

ரயில் பாலத்தைப் பரிசோதிக்க ஆள் இருக்கிறது, விரிசல் விட்டால் பூசுவார்கள். உம் ஃப்ருத்தின் அடியில் நின்று கையால் தடவிப் பாருங்கள், சிவப்பு மணல் உள்ளங்கையில் ஒட்டும். அது இன்னும் உதிர்கிறது. அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு பெரிய வளைவு 2008இல் ராத்திரியோடு ராத்திரியாக விழுந்தது. மால்டாவின் கடலோர வளைவு 2017இல் புயலில் போனது. யாரும் குதிக்காமலே இவ்வளவு.

செருப்போடு ஏறலாமா? (ஹப்புத்தளை)

இதை மூன்றாவது ஆள் கேட்கிறார், மற்ற இருவருக்கும் தனியாகச் சொல்லிவிட்டேன். வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலைத் தரையில் தூள் சிந்தினால் எப்படி வழுக்கும்? பாறைமேல் மணல் அப்படி. ரப்பர் அடி வைத்த சப்பாத்துப் போடுங்கள், ஏறுமுன் அடியைத் தட்டுங்கள்.

மழை பெய்தால்? (பொகவந்தலாவை)

காய்ந்த ஓடையில் நிற்காதீர்கள், எங்கேயோ தூரத்தில் பெய்த மழை அதில் வெள்ளமாக வரும். டிரைவர் கிளம்பு என்றால் கிளம்ப வேண்டும்.

அக்கா, அங்கே அட்டை கடிக்குமா? (லிந்துலை)

பாலைவனம் தம்பி, பாலைவனம்.

சாதாரண பாட்டா போதுமா? (ஹட்டன்)

அதுவும் செருப்புத்தானே. மேலே ஹப்புத்தளைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.