மூன்றரைக்கு எந்திரிச்சா சாம்பியன் ஆயிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

(போன இதழ்ல கென்யா மாரத்தான் வீரர் எலியூட் கிப்சோகே பத்தி எழுதினோம்ல, அதுக்கு வந்த கேள்விகள்ல சிலது.)

என் பையன் பத்தாவது, ஸ்கூல்ல 1500 மீட்டர் ஓடுறான். ஏதோ மோட்டிவேஷன் வீடியோ பாத்துட்டு தினமும் மூன்றரைக்கு அலாரம் வச்சு எந்திரிக்கிறான், படுக்கிறது பதினொன்னு. கேட்டா சாம்பியன் மைண்ட்செட்ங்கிறான். தடுக்கலாமா வேணாமா?
– ஒரு அப்பா, திண்டுக்கல்

தாராளமா தடுங்க சார். ஆனா அலாரத்த விட்டுட்டு முதல்ல அந்த பதினோரு மணிய தடுங்க.

பையனுக்கு கிப்சோகேவோட ஒரு நாள அப்படியே சொல்லிக் காட்டுங்க. கென்யால எல்டோரெட் டவுனுக்குப் பக்கத்துல கப்டகட்னு ஒரு ஊரு, கிட்டத்தட்ட 2400 மீட்டர் உசரம், அதாவது ஊட்டிய விட மேல. அங்கதான் ட்ரெய்னிங் காம்ப். மனுஷன் எந்திரிக்கிறது அஞ்சே முக்கால் வாக்குல, ஆறு மணிக்கு செம்மண் ரோட்ல கூட்டமா ஓட ஆரம்பிச்சிடுவாங்க, வந்து டீ பிரெட், அப்புறம் ரெஸ்ட், மதியம் சாப்பிட்டு தூக்கம், சாயங்காலம் நாலு மணி போல இன்னொரு மெதுவான ஓட்டம், ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் படுக்கை. அவ்ளோதான், இதுல வீடியோ எடுக்க ஒன்னுமே இல்ல பாருங்க, அதனாலதான் மோட்டிவேஷன் சேனல்காரங்க மூன்றரை மணிய புடிச்சிக்கிறாங்கன்னு நினைக்கிறேன்.

வாரத்துல பெரும்பாலான நாள் காம்ப்லதான், வார கடைசில மட்டும் பொண்டாட்டி புள்ளைங்கள பாக்க வீட்டுக்குப் போவார். இவ்ளோ சம்பாதிச்சும் இத விடல. இன்னொரு பழக்கம், ஓடினது ஒவ்வொன்னையும் நோட்டுல எழுதி வைக்கிறது, அதுவும் ரொம்ப வருஷமா, ஆப் எல்லாம் வர்றதுக்கு முன்னாடிலேருந்தே. என்ன ஓடினோம், எவ்ளோ நேரம், உடம்பு எப்படி இருந்துச்சு. பையனுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுங்க, அத நிரப்பட்டும். வளர்ற வயசுல எட்டு ஒன்பது மணி நேரத் தூக்கத்த வெட்டிட்டு ஓடினா காலு வேணா ஓடும், உடம்பு தேறாது.

ஐடில இருக்கேன், வயசு 34. தினமும் 5 கிலோமீட்டர், ஒவ்வொரு நாளும் முந்தின நாள் டைமிங்க உடைக்கணும்னு உயிரக் குடுத்து ஓடுறேன். ஒரு வருஷமா அதே டைமிங்தான், முட்டி வலிதான் புதுசு. எங்க தப்பு?
– கோவை வாசகர்

பதில உங்க கேள்விலயே எழுதிட்டீங்க ப்ரோ, "ஒவ்வொரு நாளும்".

கிப்சோகே ட்ரெய்னிங்ல நூறு சதவீதம் குடுக்கிறதே இல்ல. அவரே சொன்ன கணக்கு என்னன்னா செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் 80 சதவீதம், மிச்ச நாளெல்லாம் 50. செவ்வாய் டிராக்ல வேக ஓட்டம், வியாழன் நீண்ட ஓட்டம், ஒரு வாரம் 30 கிலோமீட்டர்னா அடுத்த வாரம் 40, சனிக்கிழமை ஃபார்ட்லெக், அதாவது கொஞ்ச நேரம் வேகமா கொஞ்ச நேரம் மெதுவான்னு மாத்தி மாத்தி. 2022 பெர்லின் மாரத்தான்ல 2 மணி 1 நிமிஷம் 9 செகண்ட்ல முடிச்சாரே, அதுல ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 2 நிமிஷம் 52 செகண்ட்தான். அப்பேர்ப்பட்ட ஆளு ஈஸி நாள் காலைல கிளம்புறப்போ பாத்தீங்கன்னா நம்மாள் எவனாவது "சார் கொஞ்சம் தள்ளுங்க"ன்னு முந்திட்டுப் போயிடுவான், அவ்ளோ மெதுவாத்தான் ஆரம்பிப்பாங்க, உடம்பு சூடேறினதும் வேகம் தானா கூடும்.

என்னைக் கேட்டா அவரோட மனக்கட்டுப்பாடு இங்கதான் இருக்கு. வேகமா ஓடத் தெம்பு இருக்கிறப்போ, பக்கத்துல சின்னப் பையன் முந்துறப்போ, இன்னிக்கு புதன்கிழமைன்னு பேசாம மெதுவா ஓடுறது இருக்கே, அதுக்கு ஈகோவ கழட்டி வச்சிட்டு வரணும். டிசிப்ளின் இல்லாதவன் தன் மூடுக்கு அடிமைன்னு அவர் அடிக்கடி சொல்றதும் இதத்தான். நாம டிசிப்ளின்னா சாகுற மாதிரி உழைக்கிறதுன்னு மட்டும் எடுத்துக்கிறோம்.

நீங்க வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வேகமா ஓடுங்க, மத்த நாள் போன்ல பேசிட்டே ஓடுற வேகம் போதும், ஒரு நாள் முழு ரெஸ்ட். முட்டி வலிக்கு முதல்ல ஒரு பிசியோகிட்ட காட்டிடுங்க, அத நான் இங்கேருந்து பாக்க முடியாது.

காம்ப்ல ஒலிம்பிக் சாம்பியனே டாய்லெட் கழுவுவாராமே, நிஜமா இல்ல பில்டப்பா?
– கல்லூரி மாணவி, திருச்சி

நிஜம்தான்மா. முறை வச்சு வேலை, அவர் முறை வந்தா அவர்தான் கழுவணும். கோச் பேட்ரிக் சேங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல ஸ்டீபிள்சேஸ், அதாவது தடையும் தண்ணிக்குழியும் தாண்டி ஓடுற ஓட்டம், அதுல வெள்ளி வாங்கினவர், கிப்சோகே வளர்ந்த அதே ஊர்ப்பக்கம்தான். சின்னப் பையனா அவர்கிட்டப் போய் ட்ரெய்னிங் ப்ரோக்ராம் எழுதித் தரச் சொல்லி கேட்டவர்தான் கிப்சோகே, இன்னிக்கும் சேங்தான் கோச். ஜெயிச்சதும் கோச்ச மாத்துறவங்கள நிறைய பாத்துட்டோம்ல, அதான் எனக்கு டாய்லெட் விஷயத்த விட இது பெருசாத் தெரியுது.

தோத்தா எப்படி எடுத்துக்குவார்? நான் ஒரு செலக்‌ஷன்ல விட்டுட்டு மூணு மாசமா கிரவுண்ட் பக்கமே போகல.
– நெல்லையிலிருந்து ஒரு தங்கச்சி

அவரும் செலக்‌ஷன்ல விட்டவர்தான்மா. 2003 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்ல 18 வயசுல மொராக்கோவோட எல் கெரூஜ், எத்தியோப்பியாவோட பெக்கேலேன்னு ரெண்டு பெரிய ஓட்டக்காரங்களையும் முந்தி 5000 மீட்டர் தங்கம், 2004ல ஒலிம்பிக் வெண்கலம், 2008ல வெள்ளி, எல்லாம் இருந்தும் 2012 லண்டன் ஒலிம்பிக் டீம்ல இடம் கிடைக்கல. அதுக்கப்புறம்தான் ரோட்டுக்கு வந்தார், 2013 ஹாம்பர்க்ல முதல் மாரத்தான், அதுலயே ஜெயிச்சார். டீம்ல இடம் கிடைச்சிருந்தா மாரத்தான் பக்கம் எப்போ வந்திருப்பாரோ.

2015 பெர்லின் ரேஸ் பாருங்க, ஷூவோட உள்பட்டை நழுவி வெளிய வந்து ரெண்டு கணுக்கால் பக்கமும் றெக்கை மாதிரி படபடன்னு ஆடிட்டே இருக்கும், காலெல்லாம் கொப்புளம், நின்னு சரி பண்ணா நேரம் போயிடும்னு அப்படியே ஓடி 2:04:00ல முதல்ல வந்தார். அதே மனுஷன் 2020 லண்டன்ல காது அடைச்சு எட்டாவது, 2023 பாஸ்டன்ல ஆறாவது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல இடுப்பு வலி வந்து 30 கிலோமீட்டர் தாண்டி நடந்து, ஷூவையும் சாக்ஸையும் கூட வேடிக்கை பாக்க வந்தவங்களுக்கு கொடுத்துட்டு ரேஸ விட்டார். எல்லா நாளும் மன உறுதி ஜெயிக்காது, உடம்பு முடியாதுன்னா முடியாதுதான். மூணு மாசம் ஆச்சுன்னா இந்த வாரம் கிரவுண்டுக்கு சும்மா போங்க, டைமிங் எடுக்காதீங்க.

வலிக்கிறப்போ சிரிக்கிறாரே, அது ஸ்டைலா?
– மதுரை வாசகர்

ஸ்டைல் இல்ல, தெரிஞ்சேதான் சிரிக்கிறார், வலிய மறக்கவும் உடம்ப தளர்த்தவும்னு அவரே சொல்லியிருக்கார். 2018ல இத வட அயர்லாந்து அல்ஸ்டர் யூனிவர்சிட்டிக்காரங்க 24 பேர ஓட விட்டு சோதிச்சுப் பாத்தாங்க, சிரிச்சிட்டு ஓடினப்போ முகத்த சுளிச்சிட்டு ஓடினத விட ரெண்டு சதவீதத்துக்கு மேல கம்மி சக்தி செலவாச்சு. எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு ஒரு வித்தியாசமும் வரல. பல்ல காட்டிட்டே ஓடணும்னு கட்டாயம் இல்ல, தோளும் தாடையும் இறுகாம இருந்தா சரி.

2019ல 2 மணி நேரத்துக்குள்ள ஓடினத ஏன் உலக சாதனைன்னு ஒத்துக்கல?
– சேலம் வாசகர்

வியன்னால 1:59:40 ஓடினது நிஜம், ஆனா அது போட்டி இல்ல. 41 பேர் முறை வச்சு மாறி மாறி கூட ஓடி காத்த மறைச்சாங்க, முன்னாடி கார்லேருந்து லேசர் கோடு வேகத்த காட்டிச்சு. அதனால ரெக்கார்ட் புக்ல வராது. புக்ல இருந்த அவரோட பெர்லின் 2:01:09ஐ 2023ல சிகாகோல இன்னொரு கென்யா வீரர் கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடி உடைச்சார், பாவம், அடுத்த பிப்ரவரில கார் விபத்துல போயிட்டார், 24 வயசு.

என்ன புரோட்டீன் பவுடர் சாப்பிடுவார்?
– பேர் போடாதவர்

காம்ப் சாப்பாடு உகாலிங்க, மக்காச்சோள மாவுல கிண்டின களின்னு வச்சுக்குங்க, தொட்டுக்க கீரை, பீன்ஸ், எப்பவாவது கறி, கூட பாலூத்தி சக்கர போட்ட டீ. டப்பா போட்டோ அனுப்பி இது வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க, அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்குங்க, மிச்சத்துல நல்லதா ஒரு ஷூ.