படிவம் நான்கு மாணவர்களுக்கு நிரலாக்கத்தைத் தொடங்க எளிய சூழல் எது?

பினாங்குப் பள்ளியின் பழைய கணினிகளில் பைத்தான் என்ற நிரலாக்க மொழியை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தொன்னி என்ற, நிரல் எழுதி இயக்கும் இலவச மென்பொருளையே பரிந்துரைப்பேன். பைத்தான் அதனுள்ளேயே இருப்பதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாவிட்டால், பென்டிரைவிலிருந்தே இயங்கும் பதிப்பும் உண்டு.

முதல் நாளிலேயே, 'வியூ' பட்டியலில் மாறிகளுக்கான (நிரலில் மதிப்புகளுக்கு இடும் பெயர்களுக்கான) பலகத்தைத் திறந்து வையுங்கள். மாணவர் இன்புட் என்ற, விசைப்பலகையில் தட்டுவதை வாங்கும் கட்டளை வழியாக 5 என்று இருமுறை உள்ளிட்டுக் கூட்டும்போது 10க்குப் பதிலாக 55 வந்தால், அப்பலகத்தில் மேற்கோள் குறிகளுக்குள் நிற்கும் '5' என்பதைக் காட்டி, அது எண்ணன்று, எழுத்துச்சரம் என்று புரியவைக்கலாம். எஃப்7 விசையால் நிரலைப் படிப்படியாக நகர்த்தவும் பழக்குங்கள். பெரிய தொழில்முறைச் சூழல்களை முதல் பருவத்தில் தவிர்ப்பதே நல்லது.