அம்மிக்குக் கைப்பிடி

வணக்கம் ஐயா,

கோர்ட்டினாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் கர்லிங் ஆட்டங்களை வீட்டில் எல்லோரும் போனில் பார்த்தோம். பனித்தளத்தில் கைப்பிடி வைத்த கனத்த கல்லை வட்டக் குறியை நோக்கித் தள்ளிவிடும் ஆட்டம் அது. அப்பா காட்பாடிப் பக்கம் கல்வேலை செய்பவர். அம்மி, ஆட்டுக்கல், படிக்கல் எல்லாம் அடிப்பார். பார்த்ததும், "இன்னாடா இது, அம்மிக்குக் கைப்பிடி வெச்சா மாதிரி கீது" என்றார். அப்புறம் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்ம ஊர்க் கல்லில் இதை அடிக்க முடியாதா என்பது அவர் கேள்வி. பனிக்கட்டியை ஏன் அப்படி விழுந்து விழுந்து தேய்க்கிறார்கள், கல் கடைசியில் வளைவது எதனால் என்பவை என் கேள்விகள். தம்பியோ, "இது பெரிய சைஸ் கேரம், அவ்வளவுதான்" என்கிறான்.

ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

தம்பியை முதலில் அனுப்பிவிடுவோம். கேரமில் ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போனால் ஆடியவருக்கு வேலை முடிந்தது. கர்லிங்கில் பாதி வேலை அதன் பிறகுதான். மதிப்பெண் கணக்கைக் கேட்டால் கோலிதான் நெருங்கிய உறவு. இரண்டு அணியும் எட்டெட்டுக் கல் விட்டு முடித்ததும், நடுப்புள்ளிக்கு மிக அருகே யார் கல் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே மதிப்பெண். எதிரியின் மிக நெருங்கிய கல்லையும் தாண்டி உள்ளே எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி. எதிரிக்குப் பூஜ்யம். இப்படி ஒரு சுற்றுக்கு 'எண்ட்' என்று பெயர், ஓர் ஆட்டத்துக்குப் பத்து எண்ட். கடைசிக் கல்லை விடும் உரிமையை 'ஹேமர்' என்பார்கள். புள்ளி எடுத்தவர் அடுத்த எண்டில் ஹேமரை எதிரிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஹேமரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு புள்ளி எடுப்பது நஷ்டக் கணக்கு. இரண்டு எடு, இல்லாவிட்டால் எல்லாக் கல்லையும் வெளியே தள்ளிச் சுழியமாக்கி ஹேமரைக் கையிலேயே வைத்துக்கொள். 2018 பியோங்சாங் இறுதியில் அமெரிக்க ஆண்கள் அணி ஸ்வீடனோடு 5-5 என்றிருந்தபோது, எட்டாவது எண்டின் கடைசிக் கல்லில் ஒரே வீச்சில் ஐந்து புள்ளி எடுத்தது. ஆட்டம் 10-7 என முடிந்தது.

இப்போது தேய்ப்பது. அந்தப் பனித்தளம் கண்ணாடிபோல் வழவழப்பானது என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். வழவழப்பாக இருந்தால் கல் பாதி தூரம்கூடப் போகாது, அடிப்பகுதி மொத்தமும் ஒட்டி இழுத்துக்கொள்ளும். தளத்தைச் சமன்செய்தபின், உப்பு நீக்கிய வெந்நீரை முதுகில் மாட்டிய கலத்தில் ஊற்றி, பொடித்துளை போட்ட மூக்கு வழியாகக் கையை இடவலமாக வீசியபடி பின்னோக்கி நடந்து தெளிப்பார்கள். வாசல் தெளிப்பது போலத்தான். ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் உறைந்து பொட்டுப் பொட்டாக நிற்கும். அதற்கு 'பெபிள்' என்று பெயர். பிறகு அகலமான ஒரு கத்தியை ஓட்டி அந்தப் பொட்டுகளின் தலையை ஒரே மட்டமாகச் சீவுவார்கள். கல் ஓடுவது இந்தச் சீவிய தலைகள்மேல். துடைப்பத்தை அழுத்தித் தேய்க்கும்போது இந்தத் தலைகள் லேசாகச் சூடாகி உராய்வு குறைகிறது. கல் கூடுதல் தூரம் போகும், வளைவது தள்ளிப்போகும். நன்றாகத் தேய்ப்பவர்கள் இரண்டு மூன்று மீட்டர்வரை வாங்கிக்கொடுப்பார்கள். நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள நாலடி வட்டத்தின் மொத்த அகலமே 1.22 மீட்டர் என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய தூரம் என்று புரியும்.

தண்ணீர் ஏன் அவ்வளவு சுத்தம்? நம்ம போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் காரணம். உறையும்போது தண்ணீர் உப்பை வெளியே தள்ளும். தள்ளிய உப்பு பொட்டுகளின் நடுவே தங்கி அவற்றை மென்மையாக்கிவிடும், பொட்டுகள் சீக்கிரமே தேய்ந்துபோகும். இன்னொரு எதிரி ஈரக்காற்று. தளத்தின் மேற்பரப்பு சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 5 டிகிரி. கூட்டத்தின் மூச்சுக்காற்று அதன்மேல் பனிப்பொடியாகப் படிந்தால் கல்லின் வேகம் செத்துவிடும். வேலூரில் ஐப்பசி மழையில் இப்படி ஒரு தளம் போட்டால் குளிரூட்டும் செலவைவிடக் காற்றை உலர்த்தும் செலவுதான் கையைக் கடிக்கும்.

வளைவுக்கு வருவோம். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் திருகி, மேசைமேல் தள்ளிப் பாருங்கள். இடது பக்கம் வளையும். கர்லிங் கல்லை அதே வலஞ்சுழியாக விட்டால் வலது பக்கம் வளைகிறது! டம்ளர் ஓடும்போது முன்பக்கம் அழுந்துகிறது, அங்கே உராய்வு கூடுகிறது, அதனால் இடது. பனியில் நடப்பது தலைகீழ். முன்விளிம்பு அழுத்திச் சூடாக்குவதால் அங்கே உராய்வு குறைகிறது என்று ஒரு கட்சி. கல்லின் முன்விளிம்பு பொட்டுகளில் சாய்வாகக் கீறல் போட, பின்விளிம்பு அந்தக் கீறலைப் பிடித்து ஒதுங்குகிறது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் கட்சி. இயற்பியலாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதன்மேல் சாய்வு, ஏனென்றால் கல்லின் அடியைச் சொரசொரப்பாக்கினால் வளைவு கூடுகிறது, மழுங்கினால் குறைகிறது. கல் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முதல் நாலு சுற்றுதான் சுற்ற வேண்டும். பம்பரமாகச் சுழற்றினால் வளையாமல் நேராக ஓடும். சுழற்சியே இல்லாமல் விட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று விட்டவருக்கே தெரியாது. அடியில் ஒரு முடி, ஒரு நூல் சிக்கினாலும் சட்டென்று திசை மாறிவிடும். ஒவ்வொரு முறையும் கல்லைச் சாய்த்து அடியைத் துடைப்பது அதற்காகத்தான்.

இனி அப்பாவுக்கு. நீங்கள் அம்மி என்றது சரியான சொல், நினைத்ததைவிடச் சரி. அந்தக் கல்லின் அடி தட்டை இல்லை, குழிவு. பனியைத் தொடுவது ஏறக்குறைய 12, 13 செ.மீ. விட்டமுள்ள ஒரு வளையம் மட்டுமே, அதன் அகலமும் சில மில்லிமீட்டர்தான். ஆட ஆட அந்த வளையம் மெருகேறும், மெருகேறினால் வளைவு செத்துப்போகும். வழுக்கும் அம்மியில் மிளகாய் அரைபடாமல் ஓடுவதுபோல. அம்மி கொத்துவதற்குப் பதில் இங்கே உப்புத்தாளை வைத்துக் கணக்காகக் கீறுவார்கள். அதுவும் 16 கல்லிலும் ஒரே அளவு. அப்படியும் கல்லுக்குக் கல் குணம் வேறு. முந்தின இரவே அணிகள் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, எது வேகம், எது சோம்பேறி என்று குறித்து ஜோடி சேர்த்துக்கொள்வது அதனால்தான்.

அளவு: கைப்பிடியும் போல்ட்டும் சேர்த்து 17.24 கிலோவுக்குக் குறையாமல், 19.96 கிலோவைத் தாண்டாமல். சுற்றளவு அதிகபட்சம் 91.4 செ.மீ., உயரம் குறைந்தது 11.4 செ.மீ. கறுப்புக் கல்லை எடுத்தால் இங்கேயே இடிக்கும். அது கன மீட்டருக்கு 3 டன்னை ஒட்டியது, முழுச் சுற்றளவில் அடித்தால் எடை எல்லையை முட்டும். சாம்பல் கிரானைட் 2.65 டன் அளவில் இருப்பதால் எடையில் பிரச்சினை வராது.

பிரச்சினை தண்ணீர். ஒலிம்பிக் கல் வருவது ஸ்காட்லாந்தை ஒட்டிய எய்ல்சா கிரெய்க் என்ற ஆளில்லாத் தீவிலிருந்து. அங்கே 'காமன் கிரீன்' என்ற கல் இடி தாங்கும், அதனால் உடம்பு அதில். 'புளூ ஹோன்' கல்லின் மணி, அதாவது துகள், மிக நெருக்கமானது, தண்ணீர் குடிக்காது, அதனால் பனியைத் தொடும் அடிப்பகுதியைத் தனியாக அதில் செய்து பொருத்துகிறார்கள். குடித்த தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பருத்து மணிமணியாகப் பெயர்த்துவிடும், வளையத்தில் குழி விழும். நம் பக்கத்துக் கல் வயதில் மூத்தது, எய்ல்சா கிரெய்க் வெறும் ஆறு கோடி வருஷம், நம்முடையது ஏறக்குறைய 250 கோடி. ஆனால் பல இடங்களில் மணி பெரிது, காக்காப்பொன் (மைக்கா) மினுக்கும். காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், மோதும் பக்கவாட்டில் முதலில் உதிர்வது அதுதான். என் அபிப்பிராயம்: மணி பொடியான கல்லாகத் தேர்ந்தால் உடம்புக்கு நம்ம கல் ஆகலாம், அடி வளையத்துக்குச் சந்தேகமே.

அப்பாவே சோதித்துப் பார்க்கலாம். காக்காப்பொன் இல்லாத, மணி பொடியான கல்லில் ஒரு கிலோத் துண்டு வெட்டி, சித்திரை வெயிலில் நாலு நாள் காயவைத்து, கிராம் துல்லியமாகக் காட்டும் தராசில் நிறுக்கவும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் ஈரத்தைத் துடைத்து மறுபடி நிறுக்கவும். சாதாரண கிரானைட் ஒன்றிலிருந்து நாலு கிராம்வரை ஏறும். ஒன்றுக்கும் கீழே நின்றால் அடுத்த கட்டம்: ஈரத்தோடு ஃப்ரீசரில் ஓர் இரவு, பகலில் வெளியே, திரும்ப ஊறவைத்து மறுபடி உள்ளே. இருபது முறை. ஒவ்வொரு முறையும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மணி உதிர்ந்தால் அங்கேயே தெரியும். துண்டை ஒரு கவரில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அம்மா ஃப்ரீசரைத் திறக்கும்போது வீடே வேறு விதமாக உறையும்.