டீசல் தபால்: பெட்டி மீது பழி போடும் முன்

ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் டீசல் வாசனை ஏறிவிடும். இந்த மாதக் கட்டில் பெரும்பாலானவை எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் எலெக்ட்ரானிக் கவர்னரைப் பற்றியவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜெனரேட்டர் பழுது பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஆனால் நேரில் பார்க்காமல் சொல்லும் வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

“எங்கள் மண்டபத்தில் 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது. இரண்டு மாதமாக எஞ்சின் சீராக ஓடாமல் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. விளக்குகளும் கூடவே மங்கித் தெளிகின்றன. மெக்கானிக் கவர்னர் பெட்டியை மாற்றினார். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் அதே கதை. இன்னொரு பெட்டி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?” – மண்டப மேலாளர், தாராபுரம்

வாங்காதீர்கள். ஒரே மாதிரி நோய் இரண்டு பெட்டிகளுக்கும் வந்தது என்றால் நோய் பெட்டியில் இல்லை.

மீட்டர் பலகையைப் பாருங்கள். ஹெர்ட்ஸ் 50-இல் அசையாமல் நின்று, வோல்ட் முள் மட்டும் அலைந்தால் எஞ்சின் நிரபராதி, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஏ.வி.ஆர். பக்கம் போக வேண்டும். உங்களுக்கு எஞ்சின் சத்தமே ஏறி இறங்குவதால் ஹெர்ட்ஸும் ஆடும். எனவே வேகக் கட்டுப்பாட்டில்தான் கோளாறு.

அந்தக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மெக்கானிக்கிடம் நீங்களே கேள்வி கேட்கலாம். எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் ரிங் கியர் பற்களுக்கு எதிரே பிக்கப் என்ற காந்தக் குச்சி இருக்கிறது. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் அதில் ஒரு மின்துடிப்பு பிறக்கும். ரிங் கியரில் 120 பற்கள் இருந்து எஞ்சின் 1500 சுற்றில் ஓடினால் நொடிக்கு 3000 துடிப்புகள். பெட்டி இந்த எண்ணிக்கையைத் தனக்குச் சொல்லி வைத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, குறைந்தால் ஆக்சுவேட்டர் என்ற மின்காந்த இழுப்பானுக்குக் கூடுதல் கரண்ட் அனுப்புகிறது. ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கை எதிர்த்து லிங்க் ராடை இழுக்கிறது, ராடு டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ரேக்கை நகர்த்துகிறது. பெட்டி கணக்குப் பிள்ளை மாதிரி. கணக்கு எழுதுவதும் உத்தரவு போடுவதும்தான் அதன் வேலை. ஓடியாடி வேலை செய்வது எல்லாம் வெளியே இருக்கும் இரும்பு.

பல்லடம் பக்கம் ஒரு மண்டபத்தில் இதே கதை. பெட்டிகள் இரண்டு மாற்றியாகிவிட்டது. நான் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார் வாளியோடு ஒருவர் என்னைத் தள்ளிவிட்டுப் போனார். மின்வாரியக் கரண்ட் திரும்பியதும் எஞ்சினை நிறுத்தி, லிங்க் ராடின் முனையில் இருக்கும் பந்து மூட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். ‘டக் டக்’ என்றது. அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் போலத் தளர்வு இருக்கும். அவ்வளவுதான் நோய்.

தளர்ந்த கயிற்றில் மாட்டை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். முதல் இழுப்பில் கயிறுதான் வரும், மாடு வராது. இன்னும் பலமாக இழுத்தால் மாடு இரண்டு எட்டு கூடவே வந்து நம் மேல் முட்டும். பெட்டி கரண்ட் அனுப்புகிறது, ராடு அரை நூல் நகர்கிறது, ரேக் அசையவில்லை. வேகம் ஏறவில்லையே என்று பெட்டி இன்னும் அனுப்புகிறது. ரேக் சட்டென்று தேவைக்கு மேல் திறந்துவிடுகிறது. வேகம் தாண்டிப் போகிறது. பெட்டி குறைக்கிறது, திரும்பும் வழியிலும் அதே அரை நூல். இப்படியே விடிய விடிய. தேய்ந்த பந்து மூட்டுகள் இரண்டையும் மாற்றியதும் எஞ்சின் அடங்கிவிட்டது.

உங்கள் மெக்கானிக் பெட்டி மாற்றியபோது இரண்டு நாள் நன்றாக ஓடியதே, அதற்குக் காரணம் என் ஊகத்தில் இதுதான்: புதுப் பெட்டியில், வேகம் மாறினால் எவ்வளவு பலமாக இழுப்பது என்று தீர்மானிக்கும் கெய்ன் திருகு குறைவாக இருந்திருக்கும், அல்லது ராடைக் கழற்றி மாட்டியபோது மூட்டில் கிரீஸ் தடவியிருப்பார்.

எஞ்சின் நின்ற பிறகு, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். லிங்க் ராடை ஒரு முனையில் கழற்றி, பம்பின் நெம்புகோலை விரலால் தள்ளிவிடுங்கள். எங்கும் சிக்காமல் போய், விட்டதும் தானாகத் திரும்ப வேண்டும். ஆக்சுவேட்டர் நெம்புகோலுக்கும் அதே சோதனை. எஞ்சின் ஓடும்போது அந்த ராடை ஒருபோதும் கழற்றக் கூடாது. பம்புக்குக் கடிவாளம் அது ஒன்றுதான்.

ராடு சரியாக இருந்தால் அடுத்தது டீசல். ஃபில்டர் அடைத்திருந்தாலோ குழாய் இணைப்பில் காற்று நுழைந்தாலோ எஞ்சின் இதேபோல் ஊஞ்சல் ஆடும். டேங்கிலிருந்து வரும் வழியில் ஒரு சாண் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். குமிழ்கள் ஓடினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஆட்டம் ஊஞ்சல் மாதிரி மெதுவாக இல்லாமல் குளிர்காய்ச்சல் நடுக்கம் மாதிரி வேகமாக இருந்தால், கெய்ன் அதிகமாக இருக்கலாம், அல்லது ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காமல் இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பெட்டியின் திருகுகள். தொடும் முன் இப்போது இருக்கும் நிலையை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத மெக்கானிக்கை எனக்குப் பிடிக்காது. லோடு இல்லாமல் ஓடவிட்டு, கெய்னை வலப்புறம் மெல்லத் திருப்பி, ஆட்டம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஆட்டம் அடங்கும் வரை கொஞ்சம் பின்னால் வர வேண்டும். பிறகு பக்கத்தில் இருக்கும் ஸ்டெபிலிட்டி திருகையும் அதே முறையில். கடைசியாக ஏ.சி.க்களை ஒன்றாகப் போட்டு அணைத்துப் பாருங்கள்: ஒரு முக்கு முக்கி, உடனே 50-க்கு வந்து நிற்க வேண்டும்.

“செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. ஆக்சுவேட்டர் நெம்புகோலைக் கையால் தள்ளிப் பிடித்தால் பிடித்துக்கொள்கிறது. ஆள் ஒருவரை அதற்கென்றே நிறுத்தியிருக்கிறோம்.” – அரிசி ஆலை உரிமையாளர், காங்கேயம்

அந்த ஆளை இன்றே விலக்குங்கள். 1998-இல் ஓர் ஆலையில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகோலைத் தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். ஸ்க்ரூ டிரைவர் இடையில் சிக்கிக்கொண்டது. எஞ்சின் அலறிய அலறல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் அடைத்து நிறுத்தினோம். நாலு நொடி தாமதித்திருந்தால் யார் உயிரோடு இருந்திருப்போமோ தெரியாது.

கையால் தள்ளினால் பிடிக்கிறது என்றால் டீசலும் பம்பும் நலம். பெட்டி உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான். எஞ்சின் சுற்றுகிறது என்பது அதற்குத் தெரிந்தால்தானே போடும்? பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். குறைந்தது 1 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிக்கப்பைக் கழற்றிப் பாருங்கள். முனையில் கறுப்பு மீசை முளைத்திருக்கும். செல்ஃப் மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியனும் ரிங் கியரும் உரசி உதிர்ந்த இரும்புத் தூள் அது. உங்கள் ஆலையில் தவிட்டுத் தூசியும் சேர்ந்து களியாகியிருக்கும். துடைத்து மாட்டினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. துடைத்தும் வரவில்லை என்றால் கம்பியைக் கழற்றி ஓம் அளந்து பாருங்கள். முடிவிலி காட்டினால் உள்சுருள் அறுந்துவிட்டது, புதிது போடுங்கள்.

1 வோல்ட்டுக்கு மேலேயே காட்டுகிறதா? அப்படியானால் செல்ஃப் அடிக்கும் அதே நேரத்தில் பெட்டியின் பேட்டரி முனைகளில் டி.சி. வோல்ட் பாருங்கள். கிழட்டு பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிடும், ஆனால் அந்த இழுப்பில் பெட்டிக்கு மிஞ்சுவது போதாமல் அது மயங்கிவிடும்.

“ஐஸ் தொழிற்சாலை. ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, டீசல் இருக்கும்போதே நின்றுவிடுகிறது. மெக்கானிக் வந்து பார்க்கும்போது எந்தக் குறையும் இல்லை.” – ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து

மெக்கானிக் எப்போது வருகிறார்? மின்வாரியக் கரண்ட் வந்த பிறகு. அதற்குள் சுவரில் இருக்கும் சார்ஜர் பேட்டரியை நிரப்பிவிட்டிருக்கும். குறை எங்கிருந்து தெரியும்?

பழைய எஞ்சின்களில் எடைக்குண்டு வைத்த மெக்கானிக்கல் கவர்னர். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாலும் ஓடும். எலெக்ட்ரானிக் கவர்னர் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் பேட்டரியைத் தின்கிறது. லோடு ஏற ஏற ஆக்சுவேட்டர் கூடுதலாகக் கேட்கும். எஞ்சினில் இருக்கும் சார்ஜிங் ஆல்டர்னேட்டர் அதை ஈடு செய்யவில்லை என்றால் பேட்டரி மெல்ல இறங்கி, ஒரு கட்டத்தில் ஆக்சுவேட்டர் கைவிட்டுவிடும். ஸ்பிரிங் ரேக்கை மூடிவிடும். எஞ்சின் தறிகெட்டு ஓடாமல் நிற்பதே அந்த ஸ்பிரிங்கின் புண்ணியம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 24 வோல்ட் அமைப்பில் 27, 28 காட்ட வேண்டும். 24-ம் அதற்குக் கீழும் என்றால் சார்ஜ் ஆகவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டரின் பின்னால் கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, இறுக்கி, வாசலின் பூசுங்கள்.

“எங்கள் பட்டறையில் வெல்டிங் போடும்போதெல்லாம் ஜெனரேட்டர் துள்ளுகிறது.” – வாசகர், ஓசூர்

வெல்டிங் லோடு அந்த ஜெனரேட்டரில்தான் ஓடுகிறதா? ஆம் என்றால் துள்ளத்தான் செய்யும். வேறு கரண்ட்டில் வெல்டிங் ஓடும்போதும் துள்ளினால் பிக்கப் கம்பியைப் பாருங்கள். உறையிட்ட, முறுக்கிய கம்பியாக இருக்க வேண்டும். உறையின் பெட்டிப் பக்க முனையை மட்டும் எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனையும் எர்த் ஆனால் தேவையில்லாத கரண்ட் அதில் சுற்றும்.

“லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50. இது கோளாறா? எஞ்சின் ஊசலாடுவதை ஏன் ஹண்டிங் என்கிறார்கள்?” – பாலிடெக்னிக் மாணவி, சேலம்

கோளாறு இல்லை. மெக்கானிக்கல் கவர்னர் அப்படித்தான் இறங்கும். லோடு ஏறும்போது வேகம் இறங்கும் இந்த அளவை 4 சதவீத ட்ரூப் என்பார்கள். எலெக்ட்ரானிக் கவர்னரிலும் இரண்டு ஜெனரேட்டர்களை இணைத்து ஓட்டும்போது லோடைப் பங்கிட வேண்டுமென்றே இதை வைப்பதுண்டு. சரியான வேகத்தைத் தேடித் தேடித் தவறவிடுவதால் ஹண்டிங், அதாவது வேட்டை. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினுக்குக் குண்டு கவர்னர் மாட்டிய காலத்திலிருந்து இந்தத் தொல்லை உண்டு. 1868-இல் மின்காந்தவியல் மேதை மாக்ஸ்வெல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். கணக்கு பிடிக்கும் என்றால் தேடிப் படியம்மா, பாடப் புத்தகத்தைவிடச் சுவையாக இருக்கும்.

“போன இதழில் ‘பிக்கப்பை ரிங் கியரில் முட்டும் வரை திருகி, முக்கால் சுற்றுப் பின்னால் வாருங்கள்’ என்று எழுதினீர்கள். அப்படியே செய்தேன். ஸ்டார்ட் செய்ததும் பிக்கப்பின் மூக்கு உடைந்துவிட்டது.” – விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

தவறு என் மேல். ஒரு வரியை விட்டுவிட்டேன். திருகும் முன் துளை வழியாக டார்ச் அடித்து, பல்லின் தலை நேர் எதிரே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுடையது இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. 5/8 அங்குலப் பிக்கப்பில் அங்குலத்துக்கு 18 மரைகள். முக்கால் சுற்று என்பது 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பள்ளத்திலிருந்து அவ்வளவு மட்டும் பின்வாங்கினால் மூக்கு பல்லின் பாதையிலேயே நிற்கும். அடுத்த முறை இடைவெளி வைத்து லாக் நட்டை இறுக்கிய பிறகு, ஃப்ளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு செல்ஃப் அடியுங்கள்.

என் பட்டறையில் அதே அளவில் பழைய பிக்கப் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. கடிதத்தில் உங்கள் முகவரி இருக்கிறது. திங்கட்கிழமை கூரியரில் போட்டுவிடுகிறேன்.